தீராத தோல் அரிப்பு: காரணத்தைக் கண்டுபிடிக்க எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மாதக்கணக்கில் அரிக்கிறது. க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. சோப்பை மாற்றியாயிற்று, துணி துவைக்கும் பவுடரை மாற்றியாயிற்று, யாரோ சொன்னார்கள் என்று சாப்பாட்டிலும் பாதியை ஒதுக்கியாயிற்று. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "பேசாமல் அலர்ஜி டெஸ்ட் எடுத்துவிடலாமா?"

எடுக்கலாம். ஆனால் அலர்ஜி டெஸ்ட் என்ற ஒரே பெயரில் அடியோடு வேறுபட்ட சோதனைகள் இருக்கின்றன. ஒன்று நிமிடங்களில் வரும் ஒவ்வாமையைத் தேடுகிறது, இன்னொன்று நாட்கள் கழித்து வருவதைத் தேடுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தாலும் ஏதாவது ஒரு முடிவு அச்சடித்த தாளில் வந்துவிடும். அதை நம்பி வருஷக்கணக்கில் எதையெதையோ ஒதுக்கி வாழ்பவர்கள் இருக்கிறார்கள், அரிப்பும் அப்படியே இருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

## வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்

எவ்வளவு நேரத்தில் வருகிறது? இதுதான் முதல் கேள்வி. ஏதோ ஒன்று தோலில் பட்ட, அல்லது உள்ளே போன சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், கொசு கடித்தது போலத் திட்டுத் திட்டாகத் தடித்தால் அது ஒரு வகை. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல் கழித்துச் சிவந்து, செதில் உதிர்ந்து, வெடித்து, நீர் கசிந்தால் அது வேறு வகை. சந்தேகமாக இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வட்டத்துக்குள் தோல் பழையபடி வழவழவென்று ஆகி, தடிப்பு வேறு எங்கோ கிளம்பியிருந்தால் அது பெரும்பாலும் காணாக்கடி. அதே இடத்திலேயே சொரசொரப்பாக உட்கார்ந்திருந்தால் எக்ஸிமா என்கிற கரப்பான் பக்கம் யோசிக்கலாம்.

எங்கே வருகிறது? தொப்புளுக்குக் கீழே ஒரே ஒரு திட்டு என்றால் பெல்ட் பக்கிள் அல்லது பேன்ட் பொத்தானில் இருக்கும் நிக்கலைச் சந்தேகிக்கலாம். பாதத்தின் மேற்புறம் என்றால் செருப்பு, ஷூவின் ரப்பரையோ, தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தையோ பார்க்க வேண்டும். கண்ணிமை ரொம்பவே ஏமாற்றும். இமைத் தோல் மிக மெல்லியது. விரலில் பூசிய நகப்பூச்சு விரலை ஒன்றும் செய்யாமல், அந்த விரல் அடிக்கடி தொடும் இமையைப் புண்ணாக்கும். தலைக்குப் போட்ட ஷாம்பு, ஹேர் டை வழிந்தும் அங்கே வரும். கண்ணில் போடும் மையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

கூட இருப்பவர்களுக்கும் அரிக்கிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, இரவில் அதிகமாகும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் அலர்ஜியைத் தேடுவதை நிறுத்துங்கள். முதலில் சொறி சிரங்கா என்று பார்க்க வேண்டும்.

முடிவு தப்பானால் எதை இழப்பீர்கள்? காசு போவது ஒரு பக்கம். தேவையில்லாத பத்தியம், குணமாகக்கூடிய நோய்க்குச் சிகிச்சை தள்ளிப்போவது, தோலில் தங்கிவிடும் கருமை ஆகியவை வெளியே தெரியாத செலவுகள்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகளும் உண்டு. உதடோ நாக்கோ வீங்கி மூச்சு திணறினாலும், காய்ச்சலோடு தோல் வலித்துக் கொப்புளித்தாலும், வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

| வழி | எதற்குப் பொருத்தம் | ஆகும் காலம் | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|
| வீட்டில் ஒதுக்கிப் பார்ப்பது | சோப்பு, தண்ணீர், பூச்சுகளால் வரும் எரிச்சல் | 4 முதல் 6 வாரம், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும் காலம் | தானாகக் குறைந்ததை ஒதுக்கியதால் குறைந்தது என்று நம்ப வைக்கும் |
| பேட்ச் டெஸ்ட் | நாட்கள் கழித்து வரும் தொடு ஒவ்வாமை | ஒரே வாரத்தில் குறைந்தது மூன்று முறை போக வேண்டும் | பட்டியலில் இல்லாததைக் காட்டாது |
| பிரிக் டெஸ்ட், ரத்த ஐஜிஇ (உடனடி ஒவ்வாமையில் பங்குபெறும் எதிர்ப்புரதம்) | நிமிடங்களில் வரும் ஒவ்வாமை | பிரிக் 15 முதல் 20 நிமிடம் | உணர்திறன் இருப்பதையே நோய் என்று எண்ண வைக்கும் |
| தோலைச் சுரண்டிப் பார்ப்பது, பயாப்சி | பூஞ்சை, சிரங்கு, வேறு தோல் நோய்கள் | சுரண்டல் அன்றே, பயாப்சி சில நாட்கள் | க்ரீம் போட்ட தோலில் தடயம் மறைந்திருக்கும் |
| க்ரீம் போட்டுப் பார்ப்பது | தவிப்பை அடக்க | ஓரிரு வாரம் | குணமானதைக் காரணம் தெரிந்ததாக நினைக்க வைக்கும் |

## வீட்டிலேயே ஒதுக்கிப் பார்ப்பது

இதைப் பலர் சோதனையாகவே மதிப்பதில்லை. ஆனால் தொடுவதால் வரும் தோல் அழற்சியில் சுமார் 80 சதவீதம் ஒவ்வாமையே அல்ல, நேரடி எரிச்சல். தண்ணீர், சோப்பு, உராய்வு, கிருமிநாசினி எல்லாம் சேர்ந்து தோலின் மேலடுக்கை அரித்துவிடுகின்றன. இது அளவைப் பொறுத்தது, போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும். இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ பேட்ச் டெஸ்டோ கிடையாது. ஒதுக்கினால் ஆறுகிறதா, திரும்பச் சேர்த்தால் வருகிறதா என்று பார்ப்பதும், மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதும்தான் வழி. அரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணத்தைத் தேட வீட்டுவழிதான் நேரான வழி என்பதால், பெரும்பாலானவர்கள் இதை முதலில் தொடங்கலாம் என்பேன், விதிவிலக்குகளைக் கடைசியில் சொல்கிறேன்.

மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் மட்டும் தோல் சிவந்து உரிந்தால் நிக்கல் அலர்ஜி என்று உடனே சொல்லிவிடுவோம். இருக்கலாம். ஆனால் கை கழுவும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சோப்புத் தண்ணீர் மோதிரத்துக்கு அடியில் தேங்கி, காயாமல் மணிக்கணக்கில் தோலை ஊறவைக்கும். மோதிரத்தைக் கழற்றினால் இரண்டுமே ஆறும், அதனால் கழற்றிப் பார்த்தது மட்டும் விடை ஆகாது. முழுவதும் ஆறிய பின் அதை ஈரமே படாத கையின் விரலில் போட்டுப் பார்த்தால்தான் ஓரளவு துப்பு கிடைக்கும். டைமெதில்கிளையாக்சைம் என்ற ரசாயனத்தைக் கொண்ட நிக்கல் சோதனைத் திரவமும் உண்டு. பஞ்சில் நனைத்து உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் கசிகிறபோது பஞ்சு இளஞ்சிவப்பாகும். உங்களுக்கு ஒவ்வாமை உண்டா என்று அது சொல்லாது, அந்தப் பொருளைச் சந்தேகிக்கலாமா என்று மட்டும் சொல்லும்.

சரி, எப்படிச் செய்வது? எல்லோரும் தவறும் இடம் அவசரம்தான். சோப்பை மாற்றி நாலு நாளில் குறையவில்லை என்றதும் அடுத்த சோப்புக்குத் தாவுகிறார்கள். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதனால் 4 முதல் 6 வாரம் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். மணமில்லாத, சோப்புத்தன்மை குறைந்த ஒரே ஒரு கழுவி, மணமில்லாத ஒரே ஒரு மாய்ஸ்சரைசர், வேறு எதுவும் வேண்டாம். "மணமற்றது" என்று அட்டையில் போட்டிருந்தாலும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கும் தயாரிப்புகளும் உண்டு. "இயற்கையானது" என்ற சொல்லையும் பாதுகாப்புக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தாவர எண்ணெய்களிலும் சாறுகளிலும் ஒவ்வாமை தரும் பொருட்கள் ஏராளம். தோல் ஆறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும், இரண்டு பொருட்களுக்கு நடுவே குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விட்டு.

பூசி அப்படியே விட்டுவிடும் க்ரீம், லோஷன் போன்றவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, ஒன்று முதல் இரண்டு வாரம் தொடர்ந்து பூசிப் பாருங்கள். ஒரு முறை பூசி மறுநாள் பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது போதாது, ஏனென்றால் பல ஒவ்வாமைகள் மெல்லத்தான் தலை காட்டும். சோப்பு, ஷாம்பு, ஹேர் டை, பசை, துப்புரவுத் திரவம் ஆகியவற்றை இப்படிச் சோதிக்கவே கூடாது. கழுவிவிட வேண்டிய பொருளைத் தோலில் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரியும். ஹேர் டையோ உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்குக் கடுமையான புண்ணைக் கொடுத்துவிடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பொறுமை. இன்னொன்று, அரிப்பு இயல்பாகவே ஏறி இறங்கும். மிக மோசமான நாளில்தான் நாம் எதையாவது நிறுத்துகிறோம், அது எப்படியும் இறங்கவிருந்த நேரம். திரும்பச் சேர்த்துப் பார்க்காமல் விட்டால் தப்பான பொருள் வாழ்நாள் எதிரி ஆகிவிடும். சாப்பாட்டை ஒதுக்குவதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கரப்பான் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் உணவுகளை நிறுத்தினால் வளர்ச்சி பாதிக்கும். அது மட்டுமில்லை, அதுவரை தாங்கிக்கொண்டிருந்த உணவைத் திரும்பக் கொடுக்கும்போது உடனடி ஒவ்வாமை வரவும் வாய்ப்பு உண்டு.

கை அரிப்புக்காரர்கள் இந்த வழியில் கண்டிப்பாகத் தொடங்கலாம். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கழுவினாலோ காரணம் அங்கேயே இருக்கலாம். ஆனால் ரப்பர் கையுறை போட்ட பிறகு இன்னும் மோசமானால் கையுறையில் கலக்கும் ரசாயனத்தைச் சந்தேகித்துப் பேட்ச் டெஸ்டுக்குப் போங்கள்.

## பேட்ச் டெஸ்ட்

யோசெஃப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் 1895-இல் விவரித்த முறை இது. இன்றைக்கும் தொடு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைத்தான் முதன்மையாக நம்புகிறார்கள். ஒவ்வாமை தரும் பொருட்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில், சுமார் 8 மில்லிமீட்டர் அகலம், துளித் துளியாக வைத்து டேப்பால் முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். முதுகு நனையக் குளிக்கக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது. அப்புறம் எடுத்து ஒரு முறை பார்ப்பார்கள், நான்காம் நாள் வாக்கில் இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது முறையை மட்டும் தவறவிடாதீர்கள். எரிச்சலால் வந்த சிவப்பு அதற்குள் மங்கும், உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் வலுக்கும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டுகள் போன்ற சில பொருட்களுக்கு ஏழாம் நாள் வரைகூடப் பார்க்க நேரும்.

தோல் கறுப்பாக இருந்தால் சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தடவித் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர் வேண்டும். இதைத் தயங்காமல் கேளுங்கள்.

இதன் பலம், நீங்களாக ஊகிக்கவே முடியாததைச் சொல்வது. மெதில்ஐசோதயாசோலினோன் என்ற, பொருள் கெடாமல் காக்கும் பதனப்பொருளைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஈரத் துடைப்பான், ஷாம்பு, பெயின்ட் என்று சம்பந்தமே இல்லாத இடங்களில் இருக்கும். 2013-இல் அமெரிக்கத் தொடு அழற்சிச் சங்கம் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது, பின்னர் பூசி விட்டுவிடும் அழகுசாதனங்களில் ஐரோப்பிய ஒன்றியம் தடையே செய்தது. பத்து பொருட்களில் பொதுவாக ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட ஒன்றை வீட்டில் ஒதுக்கிப் பார்த்துப் பிடிப்பது மிகக் கடினம். ஒரு லோஷனை நிறுத்தி, அதே பதனப்பொருள் உள்ள இன்னொரு லோஷனுக்குத்தான் மாறியிருப்பீர்கள்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அடிப்படைப் பட்டியலில் சில டஜன் பொருட்களே இருக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஒன்று அதில் இல்லையென்றால் முடிவு "ஒன்றும் இல்லை" என்று வரும். அதனால் உங்கள் க்ரீம், கையுறை, நகப்பூச்சு எல்லாவற்றையும் உட்பொருள் பட்டியலோடு எடுத்துப் போங்கள். பாசிட்டிவ் வந்தாலும் வேலை முடியவில்லை. நிக்கல் பாசிட்டிவ் வந்த ஒருவருடைய முக அரிப்புக்குக் காரணம் நிக்கலாக இல்லாமலும் போகலாம். அந்தப் பொருள் உங்கள் வாழ்க்கையில் எங்கே படுகிறது, அரிக்கும் இடத்தோடு பொருந்துகிறதா என்று மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். பாசிட்டிவ் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் சோதனையில் பாதிதான் நடந்திருக்கிறது.

முதுகில் கரப்பான் கிளம்பியிருக்கும் நேரத்தில் ஒட்டினால் பொய்யான பாசிட்டிவ்கள் வரலாம். முதுகில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ, வெயிலில் முதுகு காய்ந்திருந்தாலோ உண்மையானது மறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தேதியை மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

## பிரிக் டெஸ்டும் ரத்தத்தில் ஐஜிஇயும்

அலர்ஜி டெஸ்ட் என்றதும் அதிகம் பேர் எடுப்பது இதைத்தான், தீராத கரப்பானுக்கு அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். முன்கையில் துளி வைத்து லேசாகக் குத்தி 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பது பிரிக் டெஸ்ட். ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பதும் அதே கேள்விக்கு இன்னொரு வழி. நிமிடங்களில் வரும் ஒவ்வாமைக்கு இரண்டும் நல்லவை. பிரிக் டெஸ்டுக்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். அரிப்பு அதிகமாகி நிறுத்த முடியாதவர்களுக்கும், தோல் முழுக்கப் புண்ணாக இருப்பவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை வசதி.

சிக்கல் என்னவென்றால், ஐஜிஇ இருப்பது உணர்திறனைத்தான் காட்டும். அந்தப் பொருளை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு, தொட்டுக்கொண்டு இருப்பவர்களுக்கும் அது பாசிட்டிவ் வரும். கரப்பான் உள்ளவர்களுக்கு ஐஜிஇ பொதுவாகவே ஏறியிருக்கும் என்பதால், நாற்பது பொருட்களுக்கு ஒரேயடியாகப் பார்த்தால் பத்து பதினைந்துக்கு லேசான பாசிட்டிவ் வருவது ஆச்சரியமில்லை. அந்தத் தாளைப் பார்த்து அத்தனையையும் ஒதுக்குவது உடம்புக்கும் மனசுக்கும் தண்டனை. ஒரு பொருளைத் தொட்டதும் சாப்பிட்டதும் திரும்பத் திரும்ப வருகிறது என்ற சந்தேகம் இருந்தால், அந்தப் பொருளுக்கு மட்டும் எடுப்பது சரி. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்து போகும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் வெளிப்பொருள் காரணமே இருக்காது, அதற்கு இந்தப் பட்டியல் சோதனை உதவாது.

ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தை அளந்து உணவு ஒவ்வாமையைக் காட்டுவதாக விற்கப்படும் சோதனைகளை நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஒரு வகையான ஐஜிஜி4, அந்த உணவு உடலுக்குப் பழக்கம் என்பதைத்தான் காட்டுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008-லேயே இதை நோய் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

## சுரண்டிப் பார்ப்பது, பயாப்சி

ஓரம் தூக்கலாகவும் செதிலாகவும், நடுவில் தெளிவாகவும் வட்டமாகப் பரவினால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். தோலை லேசாகச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலி கிடையாது, அன்றே தெரியும். சிரங்குக்கும் இப்படித்தான், அல்லது டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியால் சிரங்குப் பூச்சி தோலுக்குள் தோண்டிய வளையைத் தேடுவார்கள். சிரங்கு முதல் முறை வரும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் போயிருக்கும். எனவே சிகிச்சை எல்லோருக்கும் ஒரே நேரத்தில். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் திரும்ப வரும், "மருந்து வேலை செய்யவில்லை, அலர்ஜியாக இருக்கும்" என்று தேடல் திசை மாறும்.

பயாப்சி கொஞ்சம் தோலை வெட்டி எடுப்பது, சின்னத் தழும்பு இருக்கும். எரிச்சலா ஒவ்வாமையா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. துணி மூடிய இடங்களில் மாதக்கணக்கில் நகராமல் இருக்கும் திட்டுகள், எந்தச் சிகிச்சைக்கும் மசியாதவை, சந்தேகத்துக்குரிய கொப்புளங்கள் ஆகியவற்றுக்கு இது தேவை. தோலில் தொடங்கும் ஒருவகை லிம்ஃபோமா (புற்றுநோய்) பார்ப்பதற்குக் கரப்பான் போலவே இருக்கும். சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்தால்தான் பிடிபடும்.

தடிப்பே இல்லாமல், சொறிந்த கோடுகள் மட்டும் இருந்தால் தோலை விட்டு உள்ளே பாருங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை, ரத்த அணுக்கள் ஆகியவற்றுக்கான சாதாரண ரத்தப் பரிசோதனைகள் அலர்ஜிப் பட்டியலைவிட இங்கே பயனுள்ளவை. புதிதாகத் தொடங்கிய மருந்துகளின் தேதியையும் எழுதி வையுங்கள்.

## "முதலில் க்ரீம் போட்டுப் பார்ப்போம்"

இதைச் சோதனை என்று சொல்ல முடியாது, ஆனாலும் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இதுதான். மருத்துவர் பார்த்துக் கரப்பான் என்று சொல்லி, அளவும் நாளும் குறித்துக் கொடுத்த ஸ்டீராய்டு க்ரீம் நல்லது. சொறிவதும் புண்ணாவதும் அதனால் இன்னும் அரிப்பதுமான சுழல் உடையும், தேடுவதற்குத் தெம்பும் வரும். வம்பு, தானாக வாங்கிப் போடும் கலவை க்ரீம்களில்தான். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாக இருக்கும். படர்தாமரையின் வட்ட ஓரத்தை ஸ்டீராய்டு அழித்துவிடும், அடியில் அது பரவிக்கொண்டே இருக்கும், பார்க்கும் மருத்துவரும் குழம்புவார். கலவையில் இருக்கும் நியோமைசினே ஒவ்வாமை தரக்கூடியது. அபூர்வமாக ஸ்டீராய்டே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. போடப் போட மோசமானால் அந்த க்ரீமையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

## எங்கே தொடங்கலாம்

வட்டமாகப் படர்ந்தால், அல்லது வீட்டில் பலருக்கு அரித்தால், முதலில் தோல் மருத்துவரிடம் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரம் முடியும், மருந்தும் உண்டு. கையில் மட்டும் என்றால் ஆறு வாரம் ஈரத்தையும் சோப்பையும் குறைத்துப் பாருங்கள், அடங்காவிட்டால் பேட்ச் டெஸ்ட். இமை, கழுத்து, முகம், பாதம், அல்லது வேலைக்குப் போனால் கூடி விடுமுறையில் குறையும் அரிப்பு என்றால் வீட்டில் ரொம்ப நாள் தேடாமல் நேராகப் பேட்ச் டெஸ்ட். நிமிடங்களில் தடித்து மறைந்தால் பிரிக் அல்லது ஐஜிஇ, அதுவும் குறிப்பிட்ட சந்தேகத்தோடு.

எந்த வழியில் போனாலும் மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் ஓரளவு அடங்கியே இருக்கும். அதனால் மோசமான நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்கள், பயன்படுத்தும் எல்லாப் பொருட்களின் உட்பொருள் பட்டியல்களின் போட்டோக்கள், இதுவரை போட்ட க்ரீம்களின் காலி ட்யூப்கள், எந்த நாள் எதை நிறுத்தினீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத க்ரீமாக இருந்தாலும் அந்த ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள்.